ஐரோப்பாவிலிருந்து என்பிஏவுக்கு வரும் ஆட்டக்காரர்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு கோடையிலும் இது நடக்கும். ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கூடைப்பந்துப் போட்டியான யூரோலீகில் கலக்கிய ஒருவர், அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஏதாவது ஓர் அணியில் கையெழுத்துப் போடுவார். அந்த அணியின் ரசிகர்களில் பாதிப் பேர் "அடுத்த டோன்ச்சிச் வந்தாச்சு" என்று குதிப்பார்கள், மீதிப் பேர் "அங்கே ஆடினதெல்லாம் இங்கே எடுபடாது" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டு கோஷ்டியும் கேட்கிற கேள்விகள் என்னவோ ஒன்றேதான். திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக் கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே.

அங்கே சராசரியாக 16 புள்ளி எடுத்தவர் இங்கே எத்தனை எடுப்பார்?

இதற்கு ஒரு வாய்ப்பாடு இருந்தால் அணிகளே அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். முதலில் அந்த 16 என்ற எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். யூரோலீக் ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ 48. அதோடு ஐரோப்பிய கோச்சுகள் நட்சத்திரம் என்று பார்க்காமல் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பெரிய பெயர்களே 25, 28 நிமிடம்தான் ஆடுவார்கள். அதனால் அங்கே 16 என்பது நிஜமாகவே பெரிய எண்.

இப்போது இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லூகா டோன்ச்சிச் 2017-18இல் ரியல் மாட்ரிட்டுக்காக யூரோலீகில் எடுத்தது சராசரி 16.0. அடுத்த சீசனில் டல்லாஸில் 21.2. சாஷா வெசென்கோவ் 2022-23இல் ஒலிம்பியாகோஸுக்காக எடுத்தது 17.6, அந்த சீசனின் எம்விபியும் (சிறந்த ஆட்டக்காரர் விருது) அவர்தான். அடுத்த சீசனில் சாக்ரமென்டோவில் 5.4. அங்கே அதிகம் எடுத்தவர் இங்கே மற்றவர் எடுத்ததில் கால்வாசிதான் எடுத்தார். வெசென்கோவ் ஆட்டம் மறந்துவிட்டாரா என்றால் இல்லை, அவருக்குக் கிடைத்தது ஆட்டத்துக்குச் சுமார் 12 நிமிடம், அதிலும் பெரும்பாலான நேரம் மூலையில் நின்று பந்துக்காகக் காத்திருக்கிற வேலை. 12 நிமிடத்தில் 5.4 என்பது ஒன்றும் மோசமில்லை. புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

அப்போது எதைப் பார்த்துக் கணிப்பது?

இரண்டு விஷயம். வயசு, அப்புறம் பந்து யார் கையில் இருக்கப்போகிறது என்பது.

டோன்ச்சிச் வந்தபோது அவருக்கு 19 வயசு. டல்லாஸ் அவரை வாங்க அட்லான்டாவுக்கு டிரே யங்கையும் எதிர்கால முதல் சுற்று டிராஃப்ட் (அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) உரிமை ஒன்றையும் கொடுத்தது. அவ்வளவு கொடுத்து வாங்கியவரை யாரும் மூலையில் நிறுத்த மாட்டார்கள், பந்தைக் கையில் கொடுத்து "தப்புப் பண்ணு, பரவாயில்லை" என்பார்கள். வெசென்கோவ் வந்தபோது 28. சாக்ரமென்டோவில் டியாரன் ஃபாக்ஸ், டொமான்டாஸ் சபோனிஸ் என்று பந்தை வைத்து ஆட ஏற்கெனவே ஆள் இருந்தது. அவரைக் கூட்டி வந்ததே ஒரு காலி இடத்தை நிரப்பத்தான்.

அதனால் உங்கள் அணிக்கு ஒருவர் வருகிறார் என்றால் அவருடைய பழைய சராசரியைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் அணியின் ஆள் பட்டியலை எடுங்கள். அவர் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு சம்பளம், கோச் யாரை நம்புகிறார். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

மூன்று புள்ளி கோடு இங்கே தள்ளி இருக்கிறதே, ஷூட்டிங் போய்விடுமா?

போகாது, ஆனால் இடம் மாறும். ஐரோப்பாவில் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர், என்பிஏவில் 7.24. கிட்டத்தட்ட அரை மீட்டர் வித்தியாசம், கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலையில் பாருங்கள்: அங்கே 6.60, இங்கே 6.70. வெறும் பத்து சென்டிமீட்டர்! புதிதாக வந்தவரை முதல் சில மாதம் மூலையில் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம், அங்கே அவருடைய பழைய கை அப்படியே வேலை செய்யும்.

சிக்கல் மேலே, கூடைக்கு நேர் எதிரே. தூரத்தைவிடப் பெரிய தொல்லை பாதம்தான். பத்து வருஷமாக ஒரே கோட்டில் ஆடியவருக்கு அந்தக் கோடு எங்கே என்று குனிந்து பார்க்கத் தேவையே இருக்காது, கால் தானாகப் போய் நிற்கும். புதுக் கோட்டில் அதே கால் முன்விரலைக் கோட்டின் மேல் வைத்துவிடும். பந்து உள்ளே போகும், கூட்டம் கத்தும், நடுவர் இரண்டு விரலைக் காட்டுவார், மூன்றுக்குப் பதில் இரண்டு புள்ளிதான். அக்டோபர், நவம்பரில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். நல்ல ஷூட்டர்கள் இந்தப் பிரச்சினையிலிருந்து சீக்கிரம் வெளியே வந்துவிடுவார்கள். இதை வைத்து யாரையும் எழுதித் தள்ள வேண்டாம்.

விதிகளில் வேறு என்ன வித்தியாசம்?

முக்கியமானது ஒன்றுதான், தடுப்பு அணிக்கான மூன்று விநாடி விதி. என்பிஏவில் தடுப்பாளர் யாரையும் நெருங்கிக் காக்காமல் கூடைக்கு முன்னால் இருக்கிற பெயின்ட் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது. ஐரோப்பாவில் அந்தத் தடை இல்லை, ஏழடி ஆள் ஒருவர் ஆட்டம் முழுக்க அங்கேயே தூண் மாதிரி நிற்கலாம். இதனால்தான் அங்கே பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே புகுவது கஷ்டம். அங்கேயே புகுந்து பழகியவருக்கு இங்கே வந்தால் மைதானம் காலியாகத் தெரியும். டோன்ச்சிச்சே என்பிஏவில் புள்ளி எடுப்பது ஐரோப்பாவைவிடச் சுலபம் என்று சொல்லி, அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்னொன்று, ஐரோப்பாவில் பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் அதைத் தட்டிவிடலாம். இங்கே அது தப்பு. புதிதாக வந்த உயரக்காரர்கள் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு முழிப்பதைப் பார்க்கலாம். ஃபவுல் அங்கே ஐந்து, இங்கே ஆறு. 40ஐ ஐந்தாலும் 48ஐ ஆறாலும் வகுத்தால் எட்டுதான் வரும், அதனால் அதில் பெரிய லாபம் இல்லை.

டிஃபென்ஸில் இவரை வைத்துச் செய்துவிடுவார்களா?

முயற்சி செய்வார்கள். கட்டாயம் செய்வார்கள். ஐரோப்பாவில் இருந்து வருபவர்களில் பெரும்பாலோர் எங்கே நிற்க வேண்டும் என்பதில் கெட்டிக்காரர்கள், ஏனென்றால் அங்கே தப்பான இடத்தில் நின்றால் கோச் அந்த நிமிடமே வெளியே இழுத்துவிடுவார். குறை வருவது கால் வேகத்தில்.

இதை நீங்களே ஆட்டத்தில் கண்டுபிடிக்கலாம். அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காதீர்கள், இவர் யாரைக் காக்கிறாரோ அந்த ஆளைப் பாருங்கள். எதிரணியின் நட்சத்திரம் பந்தைத் தட்டிக்கொண்டே, நம்ம ஆள் காக்கும் வீரரைக் கையசைத்து "வந்து ஸ்கிரீன் போடு" என்று, அதாவது தன்னைக் காப்பவரை உடம்பால் மறிக்கச் சொல்லி, கூப்பிடுவார். அவர் வந்து போட்டதும் நம்ம ஆள் மாறி நட்சத்திரத்தின் முன்னால் தனியாக நிற்பார். மற்ற நாலு பேரும் ஒதுங்கிவிடுவார்கள், பாதி மைதானம் அந்த இரண்டு பேருக்கு மட்டும். அந்த ஐந்து விநாடிதான் பரீட்சை. இடுப்பைத் தாழ்த்தி, முதல் அடியில் முந்தவிடாமல், பந்து எழும்பும்போது கையை மட்டும் நேரே தூக்கினால் போதும், தடுத்து நிறுத்தவே வேண்டியதில்லை, கஷ்டமான ஷாட் எடுக்க வைத்தாலே ஜெயித்த மாதிரி. ஒரே ஆட்டத்தில் நாலைந்து தடவை அந்த வீரரையே கூப்பிடுகிறார்கள் என்றால் எதிரணி நம்ம ஆளிடம் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். கோச் அவரை நாலாவது கால்பகுதியில் உட்கார வைப்பது ஏன் என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

82 ஆட்டம் தாங்குவாரா?

பெரிய கிளப்பிலிருந்து வந்தவரைப் பார்த்து இதைக் கேட்டால் சிரிப்பார். யூரோலீகும் உள்நாட்டு லீகும் சேர்த்து, கோப்பைகள், பிளேஆஃப் எல்லாம் கூட்டினால் ரியல் மாட்ரிட் மாதிரி அணிகள் வருஷத்துக்கு 80 ஆட்டம் வரை ஆடுகின்றன. களைக்க வைப்பது எண்ணிக்கை இல்லை, பயணம். அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு ஊரில் இரண்டு ஆட்டம், நடுவில் நேர மண்டலம் மாறும், சேர்ந்து பயிற்சி எடுக்க நேரமே இருக்காது. ஐரோப்பாவில் பயிற்சியில்தான் தப்பைத் திருத்துவார்கள், இங்கே அடுத்த ஆட்டத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் கால் கனத்து, ஷாட் எல்லாம் வளையத்தின் முன்பக்கத்திலேயே இடிக்கும். அமெரிக்கக் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கும் இதே கதிதான், என்ன, அவர்களைப் பற்றி யாரும் "ஐரோப்பிய மென்மை" என்று கட்டுரை எழுதுவதில்லை.

முதல் சீசன் சொதப்பிவிட்டது. வீணாப்போன ஆள் என்று முடிவு கட்டலாமா?

டிராசென் பெட்ரோவிச்சைத் தெரியுமா? யூகோஸ்லாவிய லீகில் 1985இல் ஒரே ஆட்டத்தில் 112 புள்ளி எடுத்தவர், சிபோனா அணிக்கு இரண்டு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 1989இல் போர்ட்லாண்டுக்கு வந்தார். அவர் இடத்தில் கிளைட் டிரெக்ஸ்லரும் டெர்ரி போர்ட்டரும் இருந்தார்கள், அந்த அணி அந்த வருஷம் ஃபைனல் வரை போனது, அவருக்காக யாரை உட்கார வைப்பது? முதல் சீசன் சராசரி 7.6. அடுத்த வருஷம் நிமிடம் இன்னும் குறைந்தது. ஐரோப்பாவின் ராஜா பெஞ்சில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

1991 ஜனவரியில் அவரை நியூ ஜெர்சி அணிக்கு டிரேட் செய்தார்கள், அதாவது மாற்றி அனுப்பிவிட்டார்கள். 1991-92இல் சராசரி 20.6, அடுத்த வருஷம் 22.3, ஆல்-என்பிஏ (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல்) மூன்றாவது அணியில் இடம். அதே ஆள், அதே கை, அதே ஷாட். மாறியது நிமிடம் மட்டும்தான். 1993 ஜூனில் ஜெர்மனியில் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார், 28 வயசு. இதை எழுதும்போது இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

இன்னும் வேண்டுமா? மனு ஜினோபிலி போலோன்யாவில் யூரோலீக் ஜெயித்துவிட்டு 2002இல் சான் அன்டோனியோ வந்தார், முதல் சீசன் அவருக்கும் அச்சு அசலாக 7.6தான். டிர்க் நோவிட்ஸ்கி 8.2. யானிஸ் ஆன்டெட்டோகும்போ 6.8. நிகோலா யோக்கிச் 10.0. இந்த நாலு பேரின் முதல் சீசனை மட்டும் பார்த்து முடிவு கட்டியிருந்தால் ஆறு எம்விபி விருதைக் குப்பையில் போட்டிருப்போம்.

என் கணக்கு இது: இரண்டாவது சீசனின் பாதி வரைக்கும் புள்ளியைப் பற்றிப் பேசவே மாட்டேன். அதற்குள் வேண்டுமானால் நிமிடம் கூடுகிறதா, நெருக்கடியான நேரத்தில் கோச் இவரை உள்ளே வைக்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன்.

இவரும் டார்கோ மிலிச்சிச் மாதிரி ஆகிவிட்டால்?

2003 டிராஃப்டில் லெப்ரானுக்கு அடுத்து, இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர்கள் கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் போஷ், டுவைன் வேட், அதனால்தான் இந்தக் கதை சாகாமல் ஓடுகிறது. ஆனால் அவரை எடுத்த டெட்ராய்ட் அப்போதே பலமான அணி, அந்த சீசனில் சாம்பியன் ஆனது. வயசு 18, மொழி புதுசு, கோச் லாரி பிரவுனுக்கு ரூக்கிகளை (முதல் சீசன்காரர்களை) ஆட வைப்பதில் விருப்பம் கிடையாது. முதல் சீசன் சராசரி 1.4. மோசமான அணிக்குப் போயிருந்தால் நட்சத்திரம் ஆகியிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே அந்த ஆட்டத்தின் மேல் அவ்வளவு ஆசை இல்லை என்று பின்னாளில் தெரிந்தது, இப்போது செர்பியாவில் பழத்தோட்டம் வைத்திருக்கிறார். சொல்ல வருவது என்னவென்றால், ஒருவர் சரியாக வராததற்காக அடுத்த இருபது வருஷம் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒவ்வொருவரையும் அவரோடு ஒப்பிட்டது அநியாயம்.

2015 டிராஃப்டில் நியூயார்க் எடுத்த போர்ஸிங்கிஸ் பெயரைப் படித்தபோது அந்த அணியின் ரசிகர்கள் கூச்சல் போட்டது இந்தப் பயத்தில்தான். சில மாதத்தில் அதே கூட்டம் அவர் பெயர் போட்ட ஜெர்ஸியோடு நின்றது.

யூரோலீக் எம்விபி என்றால் ஓரளவு உத்தரவாதம்தானே?

இல்லை. வெசென்கோவ் கதை மேலே இருக்கிறது. வாசிலியே மிட்சிச் 2021 எம்விபி, எஃபெஸ் அணியோடு இரண்டு முறை தொடர்ந்து சாம்பியன். 29 வயசில் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்தார், அங்கே அணியின் நட்சத்திரம் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் இருக்க இவர் கைக்குப் பந்து எங்கிருந்து வரும்? சில மாதத்தில் சார்லட்டுக்கு டிரேட் ஆனார், அங்கே நிமிடம் கிடைத்ததும் சராசரி பத்தைத் தாண்டியது. அப்புறம் இன்னும் சில டிரேட், கடைசியில் யூரோலீகுக்கே திரும்பிவிட்டார். அதே விருது வாங்கிய மிலோஷ் தெயோடோசிச் பந்து பாஸ் செய்வதைப் பார்க்கக் காசு கொடுத்து வரலாம், ஆனால் 30 வயசில் வந்தவருக்குக் கால் ஒத்துழைக்கவில்லை.

தலைகீழாகவும் நடக்கும். வசிலிஸ் ஸ்பனூலிஸ் 2006-07இல் ஹூஸ்டனில் ஒரு சீசன் ஆடி சராசரி 2.7 எடுத்து ஊருக்குப் போனார். போனவர் மூன்று யூரோலீக் பட்டம் ஜெயித்தார். இந்த லீகுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக ஒருவர் மட்டமான ஆட்டக்காரர் ஆகிவிட மாட்டார்.

இவர் வந்தால் அணி எத்தனை ஆட்டம் கூடுதலாக ஜெயிக்கும்?

விக்டர் வெம்பன்யாமா பிரான்ஸிலிருந்து வருவதற்கு முந்தைய சீசனில் சான் அன்டோனியோ ஜெயித்தது 22. அவர் வந்து சராசரி 21.4 புள்ளி, 10.6 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 3.6 பிளாக் (எதிரணி ஷாட்டைத் தட்டிவிடுவது) எடுத்து, எல்லா ஓட்டும் வாங்கி ரூக்கி விருது ஜெயித்த சீசனில் அணி ஜெயித்தது, அதே 22.

டிராஃப்டில் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, ஏன் இன்னும் வரவில்லை?

பெரும்பாலும் பணம்தான். அவருக்கு ஐரோப்பிய கிளப்போடு கான்ட்ராக்ட் இருக்கும், முறிக்க வேண்டுமென்றால் பைஅவுட் கட்ட வேண்டும். என்பிஏ அணி அதில் 10 லட்சம் டாலருக்கும் குறைவான ஒரு தொகையைத்தான் சம்பளக் கணக்கில் சேராமல் கொடுக்கலாம், மீதி ஆட்டக்காரர் பையிலிருந்து போகும். இன்னொரு கணக்கும் உண்டு. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் மூன்று சீசன் அங்கேயே ஆடிவிட்டு வந்தால், ரூக்கிகளுக்கென்று விதித்த சம்பள அட்டவணை அவரைக் கட்டுப்படுத்தாது, பேரம் பேசலாம். போக்டன் போக்டனோவிச் 2014இல் டிராஃப்ட் ஆனார், 2017இல் ஃபெனர்பாசேவோடு யூரோலீக் ஜெயித்துவிட்டு நிதானமாக வந்தார், நல்ல சம்பளத்தோடு. புத்திசாலி.

சம்மர் லீகில் (சீசனுக்கு முன் ஜூலையில் நடக்கும் புது ஆட்களின் ஆட்டங்கள்) நன்றாக ஆடவில்லையே?

வெம்பன்யாமா முதல் சம்மர் லீக் ஆட்டத்தில் 13 ஷாட்டில் இரண்டைத்தான் போட்டார். மறு ஆட்டத்தில் 27 புள்ளி. டோன்ச்சிச் சம்மர் லீகே ஆடவில்லை. ஜூலையில் நடப்பதை ஜூலையோடு விட்டுவிடுங்கள்.

யூடியூபில் பார்த்தேன், பயங்கரமாக ஆடுகிறாரே!

பத்து நிமிட வீடியோவில் எல்லோரும் பயங்கரமாகத்தான் ஆடுவார்கள். ஒரே ஒரு முழு ஆட்டம் பாருங்கள், முடிந்தால் அவர் அணி தோற்ற ஆட்டமாக.

30 வயசுக்கு மேல் வந்து என்ன பண்ணப்போகிறார்?

அர்விதாஸ் சபோனிஸைப் போர்ட்லாண்ட் 1986இல் டிராஃப்ட் செய்தது. சோவியத் காலம், அப்புறம் ஐரோப்பா என்று இழுத்து, குதிகால் தசைநார் காயமெல்லாம் பட்டு, 1995இல் வந்து சேர்ந்தபோது 30 வயசு, வேகம் முக்கால்வாசி போய்விட்டது. ஆட்டத்துக்குச் சுமார் 24 நிமிடம் ஆடி 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்ட். ஓட முடியாதவர் நின்ற இடத்திலிருந்தே முதுகுக்குப் பின்னால் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். கால் போனாலும் கண் போகாத ஆட்டக்காரர்களுக்கு வயசு அவ்வளவு பெரிய விஷயமில்லை, வேகத்தை நம்பி ஆடுகிறவர் 30இல் வந்தால்தான் பயப்பட வேண்டும்.

ஒரே சீசனில் ஏன் திரும்பி ஓடுகிறார்கள்?

ஓடுவதில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஊரில் அவரைச் சுற்றித்தான் அணி, கடைசி ஷாட் அவருடையது, கிளப்பே வரி கட்டி வீடும் காரும் கொடுக்கும். இங்கே பத்து நிமிடத்துக்காக பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கூட வந்த மனைவி, குழந்தைகளுக்கு ஊர் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம். தோற்றுப் போனார் என்று சொல்வதற்கு முன்னால், உங்களுக்கு இரண்டு வேலை கிடைத்தால் எதை எடுப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் பெயரை எப்படிச் சொல்வது?

பால்கன் பக்கத்துப் பெயர் ஆங்கிலத்தில் c-யில் முடிந்தால் கடைசி எழுத்து 'ச்', 'க்' கிடையாது. டோன்ச்சிச், யோக்கிச், குக்கோச். மிட்சிச்சை 'மிசிக்' என்று படிக்கிறார்கள், பாவம். முதல் நாளே சரியாகச் சொல்லிப் பழகிவிடுங்கள், மூன்று வருஷம் கழித்து அவர் ஆல்-ஸ்டார் ஆனபிறகு நாக்கைத் திருப்புவது கஷ்டம்.